பக்கத்து வீட்டுப் பெரியவரின் காட்டுப்பூனைத் தோட்டாக்கள்: எதை நம்பிச் சுடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் டெக்சாஸில் வேலை பார்க்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், லேத் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்கு, வரும்படி அழைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று அவருக்கென்றே மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது; குழலில் ".280 ஆக்லி இம்ப்ரூவ்டு" என்று பொறித்திருக்கிறது. மற்றது இறந்துபோன நண்பரின் வீட்டாரிடம் வாங்கியது, பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான 1903 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வேறு குழல் பூட்டி, "6.5-06" என்று மட்டும் குத்தியிருக்கிறது. இரண்டுக்கும் தோட்டாக்களை அவரே வீட்டில் அடைக்கிறார். நீங்கள் இதுவரை சுட்டது .22 மட்டும். "யாரோ செய்த துப்பாக்கி, யாரோ அடைத்த தோட்டா, இதை நம்பிச் சுடலாமா? இந்த இம்ப்ரூவ்டு வகை உண்மையிலேயே வேகமானதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கன்னத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் வெடிக்கப்போகிற ஒன்றை எதை வைத்து நம்புவது? பெரியவரின் நல்ல மனதை வைத்தா, துப்பாக்கியின் பளபளப்பை வைத்தா?

நான் இயந்திரப் பொறியாளன். அரிசோனாவில் பதினாறு ஆண்டுகளாகச் சுடுகிறேன்; அதில் பத்தாண்டுகளாக வார இறுதிகளில் ஒரு ரேஞ்சில் பாதுகாப்புப் பொறுப்பாளராக நிற்கிறேன். துப்பாக்கி செய்யும் தொழில் எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து "இது சரியாக இருக்கிறது" என்று சான்று தர என்னால் முடியாது. அப்படித் தருகிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் பத்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் "வைத்திருப்பது" என்பதில் அடங்கும். உங்கள் .22-க்கும் இதே சட்டம்தான். இதற்குள்ள விதிவிலக்குகளில் நம்மவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. பெரியவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே பிறந்தவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. நான் வழக்கறிஞன் அல்லன். விசா விஷயத்தில் சிறிதளவு ஐயம் இருந்தாலும், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு போங்கள்.

இனித் தோட்டாவுக்கு வருகிறேன். தொழிற்சாலை எதுவும் தயாரிக்காத, ஆர்வலர்கள் தாங்களே வடிவமைத்துக்கொண்ட தோட்டாவை அமெரிக்கர்கள் வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை, என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ வீட்டு அடுப்பங்கரையில் வெடிகுண்டு செய்வதுபோல் இருக்கும். செய்வது என்னவோ எளிமையானது. ஏற்கெனவே இருக்கிற ஒரு பித்தளை உறையை எடுத்து, குண்டைப் பிடித்திருக்கும் அதன் கழுத்தைச் சுருக்குவார்கள் அல்லது விரிப்பார்கள், கழுத்துக்குக் கீழே அகலும் தோளின் சரிவை மாற்றுவார்கள். 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 என்ற ஓர் உறையிலிருந்து மட்டும் ஒரு பெரிய வம்சமே பிறந்திருக்கிறது. அதன் கழுத்தை 6.5 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்றபடி சுருக்கியதுதான் உங்கள் 6.5-06. காட்டுப்பூனை வீட்டுப்பூனை ஆவதும் உண்டு. .22-250 பல பத்தாண்டுகள் ஆர்வலர்களின் கையில் இருந்துவிட்டு 1965-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது. .25-06 அப்படி ஏறியது 1969-இல். ஆகவே ஒரு தோட்டா வழக்கத்துக்கு மாறானது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊரில் உரிமம் வாங்கியவர் வீட்டில் இருக்கும் .315 ரைஃபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் வேறெங்கும் அதிகம் காணக் கிடைக்காத தோட்டா அது. ராணுவத்தின் .303 குடிமக்கள் கையில் சேரக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கருதியதால், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிகர் உறை இந்தியாவில் குடியேறியது. அங்கே ஆசை பெற்ற பிள்ளை, இங்கே சட்டம் பெற்ற பிள்ளை.

உங்கள் பெரியவரின் முதல் ரைஃபிளில் உள்ள ஆக்லி என்பது பார்க்கர் ஆக்லி என்ற துப்பாக்கிக் கலைஞரின் பெயர். கொலராடோவில் டிரினிடாட் நகரக் கல்லூரியில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். வினாடிக்கு 5,000 அடி வேகத்தைத் தொடப் பார்க்கிறேன் என்று யானைத் தோட்டா அளவு உறையில் .22 குண்டைச் செருகி, அதற்கு "இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர்", அதாவது காதுகிழிப்பான் பேரிடியான் என்கிற மாதிரி ஒரு கேலிப் பெயர் வைத்த மனிதர். "இம்ப்ரூவ்டு" என்பது அவர் செய்த திருத்தம்: உறையின் உடல் மேல்நோக்கிக் குறுகுவதைக் குறைத்து ஏறக்குறைய நேராக்குவது, தோளை 40 டிகிரி அளவுக்குச் செங்குத்தாக்குவது. உள்ளே கொஞ்சம் கூடுதல் வெடிமருந்து கொள்ளும். இதில் உள்ள அழகு, பழைய தோட்டாவையும் அதே அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், போட்டுச் சுடலாம் என்பது. அறையின் நீளத்தை வழக்கமான அளவைவிட 0.004 அங்குலம், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு குறைத்து வெட்டுவார்கள்; பழைய தோட்டாவின் கழுத்தும் தோளும் சேரும் விளிம்பு அங்கே இறுகப் பிடித்துக்கொள்ளும். சுட்டதும் பித்தளை விரிந்து புது அறையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்.

வேகம்? கூடும், ஆனால் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. நெடுங்கால அனுபவத்தில் உருவான ஒரு தோராயக் கணக்கு உண்டு: அழுத்தம் மாறாமல் இருந்தால், கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதில் கால் பங்குதான் வேகம் கூடும். .280-இல் கொள்ளளவு சுமார் 5 சதவீதம் கூடுகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 2,900 அடி போகிற குண்டுக்குக் கிடைப்பது இன்னொரு 36 அடி. அப்படியானால் நூறடி, நூற்றைம்பதடி கூடியது என்கிறார்களே, பொய்யா? பொய் இல்லை. அது பெரும்பாலும் அழுத்தத்திலிருந்து வருகிறது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களுக்கான தர அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துகளை (SAAMI) சேர்த்துப் படித்தால் நம் காதில் "சாமி" என்றே விழும். அந்தச் சாமி, சாதாரண .280-க்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. ஆக்லி வடிவத்துக்கு 65,000. உங்கள் கார் டயரில் 32 இருக்கும். தோள் செங்குத்தானதால் விளைந்தது எவ்வளவு, கூடுதலாக அழுத்தியதால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பேசுகிற பேச்சுதான் பாதி. இன்னொன்று: .280 ஆக்லி இம்ப்ரூவ்டு இப்போது காட்டுப்பூனையே இல்லை. அளவுகள் தரப்படுத்தப்பட்டு, தொழிற்சாலைத் தோட்டா கடையில் கிடைக்கிறது. பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால் அதில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். விசித்திரமான தோட்டாவில் ஆபத்து அதன் விசித்திரத்தில் இல்லை, அடையாளத்தில் இருக்கிறது. குழலில் பொறித்திருப்பது, உள்ளே அறை உண்மையில் வெட்டப்பட்டிருப்பது, பெஞ்சின் மேல் பெட்டியில் இருப்பது ஆகிய மூன்றும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று மாற்றிச் சொன்னாலும் அங்கே சுடக் கூடாது. பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. .280 ரெமிங்டன் 1957-இல் வந்தபோது, அது தவறிப்போய் .270 ரைஃபிளுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதன் தோளைச் சற்று முன்னால் தள்ளி வைத்தார்கள். பிறகு விற்பனைக்காக 1979-இல் அதன் பெயரை 7 எம்.எம். எக்ஸ்பிரஸ் என்று மாற்றினார்கள். மக்கள் அதை 7 எம்.எம். மேக்னம் என்ற வேறொரு தோட்டாவோடு குழப்பிக்கொள்ள, சில ஆண்டுகளில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். காட்டுப்பூனையில் இது இன்னும் மோசம். பித்தளை உறையின் அடியில் தொழிற்சாலை அச்சிட்ட பெயர் தாய்த் தோட்டாவின் பெயராகவே இருக்கும். உங்கள் பெரியவர் அடைத்த 6.5-06 தோட்டாவைத் திருப்பிப் பாருங்கள், ".30-06" என்றோ ".270" என்றோ எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புச் சான்றிதழ் ஒன்று, ஆள் வேறொன்று.

இதை நான் சொந்தக் கையால் கற்றேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கினேன், யாரோ ஒரு நல்ல கைவினைஞர் செய்தது, வால்நட் கட்டை, குழலில் தெளிவாக ".257 ராபர்ட்ஸ்" என்று இருந்தது. விற்றவரும் அதையே சொன்னார். கடையில் வாங்கிய .257 தோட்டாவைப் போட்டு முதல் குண்டைச் சுட்டேன். சத்தம் சரி, உதை சரி, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் வெண்ணெய் போலத் திறந்தது. உறை பெஞ்சின் மேல் விழுந்து உருண்டது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தேன். .257 ராபர்ட்ஸின் தோள் 20 டிகிரியும் கொஞ்சமும் சாய்ந்தது. பழைய மண்கூஜாவின் தோள்போல வழுக்கிக்கொண்டு இறங்கும். என் கையில் இருந்ததோ விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குக் கூர்மையாக இருந்தது. சுடாத தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினேன். அண்ணன் தம்பி என்று சொல்லலாம், ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. எப்போதோ ஒருவர் அறையை ஆக்லி வடிவத்துக்கு மறுபடி வெட்டியிருக்கிறார். ஆக்லி இம்ப்ரூவ்டு என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குழலில் சேர்க்க மறந்திருக்கிறார். ஆக்லி வடிவம் தாய்த் தோட்டாவை ஏற்றுக்கொள்ளும்படி அமைந்தது என் அதிர்ஷ்டம். வேறு ஏதாவது வடிவமாக இருந்திருந்தால் அந்தப் பித்தளை எங்கே கிழிந்திருக்கும் என்று யோசித்தபடி, அன்று மேற்கொண்டு சுடாமல் வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஒரு துப்பாக்கிக் கலைஞரிடம் கொண்டுபோனேன். அவர் செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கினார். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிக்கிற தண்ணீரின் சூடுகூட வேண்டாம். குழலின் உட்பக்கத்தைத் துணியால் அடைத்துவிட்டு, அச்சில் வெல்லப்பாகு ஊற்றுவதுபோல் அறைக்குள் ஊற்றினார். ஆறும்போது முதலில் சற்றுச் சுருங்குவதால் சுலபமாகக் கழன்று வந்தது. அப்போதே அளக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் அது மறுபடி விரிந்து அறையின் அதே அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து அளந்தார். 40 டிகிரி தோள். அன்றே குழலில் விடுபட்ட எழுத்துகளையும் பொறித்துக் கொடுத்தார். அந்த வெள்ளை வார்ப்பு இப்போதும் என் மேசையில் காகிதக்கனமாக இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமை, .280 ரைஃபிளைப் பொறுத்தவரை நீங்கள் பெரியவரிடம் கேட்க வேண்டியது அவருடைய நோட்டுப் புத்தகத்தை. ஒழுங்காகத் தோட்டா அடைக்கிறவரிடம் அது இல்லாமல் இருக்காது: எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு, எந்தத் தேதியில் சுட்டுப் பார்த்தது, உறை எத்தனை முறை பயன்பட்டது. ரைஃபிளைச் செய்தவர் கொடுத்த சீட்டும், அறையின் நீளத்தை அளவுகோல் வைத்துச் சோதித்த குறிப்பும் இருந்தால் இன்னும் நல்லது. பண்போடு கேளுங்கள், லேத்தில் வாழ்ந்தவர், அளவு கேட்டால் மகிழ்ச்சி அடைவார். "எல்லாம் தலையில் இருக்கிறது" என்று சொல்பவர் அடைத்த தோட்டாவை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நான் சுடுவதில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த அளவைக் குளிர்காலத்தில் சோதித்தாரா, கோடையிலா? சில மருந்துகள் வெப்பத்தில் அழுத்தத்தைக் கூட்டும். ஜனவரியில் நல்ல பிள்ளையாக இருந்த தோட்டா, காரின் கண்ணாடிக்கு அடியில் இரண்டு மணி நேரம் வெந்த பிறகு வேறு முகம் காட்டும். பெட்டியை நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

பெஞ்சின் மேல் ஒரு நேரத்தில் ஒரு ரைஃபிள், அதற்குரிய ஒரு பெட்டி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மற்ற ரைஃபிள் அதன் பைக்குள் போய்விட வேண்டும். ரேஞ்சில் நான் பார்த்த பயங்கரமான தவறுகள் அறியாதவர்கள் செய்தவை அல்ல, பேசிக்கொண்டே இருந்தவர்கள் செய்தவை. முதல் குண்டைப் பெரியவர் சுடட்டும். அந்த உறையை வாங்கிப் பாருங்கள். நிச்சயமாகத் தெரிந்த அறிகுறிகள் சில உண்டு. போல்ட் கைப்பிடி இறுகித் தூக்கக் கடினமாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு அன்றைய தினம் முடிந்தது. உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், அங்கே பித்தளை இழுபட்டு மெலிந்திருக்கிறது, அடுத்த முறை பிய்ந்துவிடும். வழக்கத்தைவிடச் சத்தம் அமுங்கி "புஸ்" என்று கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பினால் குழல் வெடிக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். இவற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பிரைமர், அதாவது உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம், தட்டையானதைப் பார்த்து "அழுத்தம் இவ்வளவு" என்று ஆரூடம் சொல்கிறவர்களைக் கிளி ஜோசியத்தோடுதான் சேர்க்க வேண்டும். பிரைமர் கிண்ணத்தின் உலோகம் ஒரு தயாரிப்பில் மென்மை, இன்னொன்றில் கடினம். வரம்பு மீறிய அழுத்தத்திலும் வட்டமாகவே இருந்த பிரைமர்கள் உண்டு. மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்ததைக் காட்டி ரைஃபிளின் துல்லியத்தைச் சொல்வதும் அந்த வகைதான்; பத்துக் குண்டுகள் சுட்டுக் காட்டினால் பேசலாம்.

உங்கள் பங்குக்குக் காதில் அடைப்பானும் மேலே காதுக்கவசமும் சேர்த்துப் போடுங்கள். இப்படிச் செய்யப்படும் ரைஃபிள்களில் பலவற்றின் முனையில் உதையைக் குறைக்கும் பிரேக் இருக்கும். உதை குறையும், சத்தம் பக்கவாட்டில் வந்து அறையும். தொலைநோக்கியிலிருந்து கண்ணை விலக்கியே வையுங்கள். புருவத்தில் பிறைபோல ஒரு தழும்பு உள்ளவரை ரேஞ்சில் கண்டால் காரணம் கேட்க வேண்டாம்.

இரண்டாவது ரைஃபிளை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பதே என் பதில். "6.5-06" என்ற எழுத்து அறையைப் பற்றிப் பாதி செய்திதான் சொல்கிறது. எந்த ரீமரால், அதாவது அறையைக் குடையும் கருவியால், வெட்டினார்கள், கழுத்துக்கு எவ்வளவு இடம் விட்டார்கள் என்பது செய்தவருக்கே தெரியும். அவரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. துல்லியத்துக்காகச் சிலர் கழுத்துப் பகுதியை மிக இறுக்கமாக வெட்டுவார்கள். அதற்குரிய உறைகளின் கழுத்தைக் கடைந்து மெல்லியதாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். தெரியாமல் சாதாரண உறையைப் போட்டால், குண்டை விட்டுக்கொடுக்கக் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழல் துளையின் அளவையும் நம்ப முடியாது. ஜப்பானிய 6.5 மில்லிமீட்டர் அரிசாகா ரைஃபிளில் அறையை மட்டும் .30-06-க்கு வெட்டிவிட்டு, குழலை அப்படியே விட்டு, பெரிய குண்டைச் சிறிய துளை வழியே பிதுக்கிக்கொண்டு மான் வேட்டையாடிய ஒருவரின் கதை இங்கே பெயர் பெற்றது. உதை சற்று அதிகம் என்பதுதான் அவருடைய குறை. அரிசாகாவின் உடல் தாங்கியது. ஆக்லி பல ராணுவ ரைஃபிள்களை வேண்டுமென்றே வெடிக்க வைத்துச் சோதித்தபோதும் அந்த 6.5 அரிசாகா மிகப் பலமானவற்றுள் ஒன்றாக நின்றது.

1903 ஸ்பிரிங்ஃபீல்டு அப்படி எல்லாம் தாங்கும் என்று சொல்ல முடியாது; அதில் இரண்டு சாதிகள் உண்டு. முதல் உலகப் போர் வரை அதன் ரிசீவரை, அதாவது குழலும் போல்ட்டும் வந்து பூட்டிக்கொள்ளும் உடலை, உலையில் காய்ச்சி அடித்தார்கள். சூடு போதுமா என்று பார்க்கக் கருவி இல்லை. அனுபவமுள்ள கண் இருந்தது. இரும்பு எந்தச் சிவப்பில் இருக்கிறது என்று பார்த்தே எடுத்தார்கள், நம் ஊர்க் கொல்லர்களைப் போல. ஆனால் மேகமூட்டமான நாளில் ஒரு மாதிரித் தெரியும் சிவப்பு, வெயில் பளீரென்று அடிக்கிற நாளில் மங்கித் தெரியும். இன்னும் சூடேற வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அளவுக்கு மேல் காய்ந்த எஃகு கடினமாகத்தான் இருந்தது, ஆனால் நெளியாது, கண்ணாடிபோல் உடையும். 1917-இல் சில ரைஃபிள்கள் சிதறிய பிறகு காரணத்தைக் கண்டுபிடித்து, 1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் செய்தவற்றில் 2,85,507-க்குக் கீழும் வரிசை எண் உள்ளவை பழைய முறையில் செய்தவை. அவற்றில் மிகப் பல நூறாண்டுகளாக உடையாமல் இருக்கின்றன என்பது உண்மை. எது உடையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதும் உண்மை. போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த அந்த உடல்களில்தான் ஊர் ஊராகத் துப்பாக்கிக் கலைஞர்கள் காட்டுப்பூனைகளைக் கட்டினார்கள். புதுக்குழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது திருகி நிற்பது அந்த உடலில்தான்.

தொலைநோக்கியைத் தாங்கும் பிடியை ரிசீவரின் முன்வளையத்தின் மேல் திருகியிருந்தால் எழுத்து பாதி மறைந்திருக்கும். பெரியவரிடம் சொன்னால் கழற்றிக் காட்டுவார். ஆலையின் பெயரையும் அதன் கீழே உள்ள வரிசை எண்ணையும் பார்த்து எழுதுங்கள். எண் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்த பிறகு, அறையை வார்ப்பு எடுத்துப் பார்க்கச் செலவு செய்யலாமா, சுவரில் மாட்டி வைக்கலாமா என்று பேசலாம்.